குளம் அரைவாசியாய் நின்ற சிறுபோகம்

விவசாயப் போதனாசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நான் பாடம் எடுக்க வரவில்லை. நெல்லின் வயது, பசளையின் அளவு, பூச்சியின் பெயர் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைக் கைத்தொலைபேசி சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் உங்கள் மேசைக்கு ஒரு தாள் வரும். வரப்போகும் மாதங்களில் மழை எப்படி இருக்கும் என்று சொல்லும் பருவகால எதிர்வுகூறல். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருநூறு விவசாயிகளுக்கு முன்னால் எப்படி எழுந்து நிற்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் கல்முனையில் எனக்குக் ‘குடை மிஸ்’ என்று பெயர் வந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஸ்கூட்டியில் வயல் பக்கம் போனால், வரம்பில் குந்தியிருப்பவர்கள் எழுந்து நிற்கும் அளவுக்கு மரியாதை சேர்ந்திருந்தது. தலையும் கொஞ்சம் கனத்திருந்தது. மாரி மழையில் செய்யும் பெரும்போகத்துக்கு முன் வந்த தாளில், முதல் மாதத்தில் மழை வழமையைவிடக் குறைவாக இருப்பதற்கான வாய்ப்புக் கூடுதல் என்று எழுதியிருந்தார்கள். இதை அப்படியே வாசித்தால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் எழுந்து, எனக்குத் தோன்றியபடி சுருக்கிச் சொன்னேன்.

“இந்த முறை மழை பிந்தும். புழுதியில விதைச்சு நெல்ல வீணாக்காதீங்க. ஒரு மாசம் பொறுங்க.”

நல்ல கைதட்டல். இப்படித் தெளிவாகக் கதைக்கிற உத்தியோகத்தரைக் கண்டதே இல்லை என்று இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டும் போனார்கள்.

மழை பிந்தவில்லை, முந்திவிட்டது. அதுவும் சும்மா முந்தவில்லை. பள்ளக் காணிகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. என் பேச்சைக் கேட்காமல் காய்ந்த நிலத்திலேயே விதைத்தவர்களின் வயல் பச்சையாக முளைத்து நின்றது. கேட்டவர்கள் தண்ணீர் வடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு சேற்றில் பிந்தி விதைத்துக் குறைந்த விளைச்சல் எடுத்தார்கள்.

கேட்டவர்களில் ஆதம்பாவா ஹாஜியாரும் ஒருவர். கல்முனைக்காரர். வாய்க்கால் முதலில் தொடும் மேல்கண்டத்தில் அவருக்குப் பத்து ஏக்கர். குரலும் பெரிது, ஆளும் பெரிது. அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள், வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத நேரத்தில், பெரிய கறுப்புக் குடையோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“என்ன ஹாஜியார், வெயிலுக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். இண்டைக்கு மழை இல்லெண்டு நீங்க ஆருக்கோ சொன்னதாக் கேள்விப்பட்டன். எதுக்கும் இரிக்கட்டும் எண்டு கொண்டு வந்தன்.”

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு பொய்யும் சொன்னேன். “தாள்ல இருந்ததத்தான் ஹாஜியார் நான் வாசிச்சன். அது மேலிடத்துப் பிழை.”

தாளில் பிழை இல்லை. ‘வாய்ப்பு’ என்ற சொல்லைத் தூக்கி எறிந்தவள் நான். குடை மிஸ் என்ற பெயரை நான் ஒரு மாதத்திலேயே பழகிக்கொண்டேன். தேநீர்க் கடைக்காரர் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் அந்தப் பொய் மட்டும் வருடக் கணக்காக உள்ளே கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த சிறுபோகத்துக்கு, குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் அந்தக் கோடைப் போகத்துக்கு, வருகிறேன்.

அந்த முறை மாரி மழை பாதியிலேயே நின்றுபோனது. தை மாதத்துக்குப் பிறகு வானம் எங்களை மறந்தே விட்டது. வழக்கமாக வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சான் காற்று, அந்தச் சூடான மேல்காற்று, சித்திரைக்கு முன்பே வந்து கதவைத் தட்டியது. கரையோரத்து மணல் கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க உப்பு ஏறியது. தேநீரில் சீனி போட்டது தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், “சீனி போட்ட மிஸ், உப்பு முந்திக்கிட்டு” என்றார். நற்பிட்டிமுனைச் சந்தியில் குடிநீர்ப் பவுசர் வண்டி வரும் நேரம் பார்த்து ஆட்கள் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிழலில் நின்று கதைப்பார்கள். எருமை வைத்திருந்தவர்கள் மாடுகளைத் தண்ணீர் தேடி மேற்கே சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தரும் குளத்தைப் போய்ப் பார்த்தேன். வழக்கமாக அலை அடிக்கும் அணைக்கட்டில் இருந்து தண்ணீரின் விளிம்புக்கு நடந்துதான் போகவேண்டியிருந்தது. நடுவில், எப்போதோ மூழ்கிய பட்ட மரங்கள் வெளியே தலை நீட்டி நின்றன. இருந்த தண்ணீர் வயலில் அரைவாசிக்குத்தான் காணும் என்று நீர்ப்பாசனப் பக்கத்தினர் கணக்குச் சொன்னார்கள். அந்த வாரமே தாளும் வந்தது. சிறுபோகத்தில் மழை வழமையைவிடக் குறைவாக இருப்பதற்கான வாய்ப்புக் கூடுதல். அதே சொற்கள்தான். அவற்றைப் பார்த்ததும் எனக்குக் குடைதான் நினைவுக்கு வந்தது.

மூன்று வழிகள் இருந்தன. முழு வயலையும் விதைத்துவிட்டு மழையை நம்புவது ஒன்று. தண்ணீர் எட்டக்கூடிய மேல்கண்டத்தை மட்டும் அதன் சொந்தக்காரர்கள் செய்வது இரண்டாவது. அப்படிச் செய்தால் கீழ்க்கண்டத்தவர்கள் ஒரு போகம் முழுக்க வெறும் வயலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்றாவது பெத்மா. மேல்கண்டத்தை மட்டும் விதைப்பது, ஆனால் அந்தக் காணியை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் மேலும் கீழும் உள்ள எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்வது. அடுத்த போகத்தில் அவரவர் காணி அவரவருக்கு. கேட்க அழகாக இருக்கும். மேல்கண்டத்துக்காரரிடம் போய், “உங்கள் பத்து ஏக்கரில் ஐந்தை இன்னொருவருக்கு விடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், அதன் அழகு தெரியும்.

கூட்டத்துக்கு முன் கீழ்க்கண்டத்தை ஒருமுறை பார்த்து வரலாம் என்று போனேன். அங்கே புவனேஸ்வரி தன் வாய்க்காலுக்குள் இறங்கி நின்று காய்ந்த புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். வீரமுனையைச் சேர்ந்தவள். வாய்க்கால் முடியும் இடத்தில் மூன்று ஏக்கர். புருஷன் இறந்த பிறகு தனியாகவே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

“தண்ணியே வராத வாய்க்கால என்னத்துக்குச் செதுக்குறீங்க?” என்று கேட்டேன்.

“வந்தா நிக்காம ஓடோணுமே மிஸ். இப்ப ஓணான்தான் ஓடுது.”

பெத்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தாள்.

“ஹாஜியார் ஆக்கள் தரமாட்டாங்க மிஸ். தந்தாலும் அவங்கட காணியில நான் எப்பிடி இறங்குற? அந்த நாளையில ஒரு பிரச்சினை வந்து எங்கட ஆக்களும் அவங்கட ஆக்களும் முகம் பாக்காம இருந்தம். இப்ப பாக்கம், சிரிக்கம். ஆனா ஒரே வரம்புல நிண்டு வேலை செய்யிறது வேற கதை.”

“தந்தா இறங்குவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“நீங்க இப்பிடி ஒரே சொல்லுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சொல்லில் பதில் கேட்பது எவ்வளவு இலேசான வேலை.

கூட்டம் ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் எனது மேலதிகாரி. நல்ல மனிதர், ஆனால் கூட்டம் சீக்கிரம் முடியவேண்டும் என்பதில் குறியாக இருப்பார். என் முறை வந்து எழுந்து நின்றேன். நான் வாயைத் திறக்கவும் பின்வரிசையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ குடையை விரித்திருந்தார். மண்டபம் குலுங்கியது. நானும் சிரித்து முடித்துவிட்டுத்தான் தாளை எடுத்தேன்.

வாசிக்கத் தொடங்கவும் ஆதம்பாவா ஹாஜியார் எழுந்தார்.

“மிஸ், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. வாய்ப்பு, வழமை எண்டெல்லாம் எங்களுக்கு விளங்காது. மழை வருமா, வராதா? ஒரே சொல்லுல சொல்லுங்க. வராதெண்டா நான் காணிய விடுறன். வருமெண்டா என்னத்துக்கு நான் விடணும்?”

மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். “வராது எண்டு சொல்லுங்க மிஸ். விசயம் முடிஞ்சிரும்.”

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நான் ‘வராது’ என்று ஒரு சொல் சொன்னால் பெத்மா நிறைவேறிவிடும். கீழ்க்கண்டத்து நூறு குடும்பங்களுக்கு ஒரு போகம் கிடைத்துவிடும். நல்ல காரியத்துக்காக ஒரு சின்னப் பொய். நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை இதே இடத்தில் நின்று, இதே சொற்களைச் சுருக்கி, நான் யாருடைய விளைச்சலைக் குறைத்தேனோ அந்த மனிதர்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது ஹாஜியார்” என்றேன்.

மேலதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“எனக்கு மட்டுமில்ல, இந்தத் தாள எழுதினவங்களுக்கும் தெரியாது. மழை குறையிறதுக்குத்தான் வாய்ப்புக் கூட எண்டுதான் அவங்களும் சொல்லுறாங்க. அந்த முறையும் அப்பிடித்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் மழை பிந்தும் எண்டு சொல்லிட்டன். மேலிடத்துப் பிழை எண்டு உங்களிட்டச் சொன்னதும் பொய். பிழை என்னில.”

ஹாஜியார் உட்காரவில்லை.

அதைச் சொன்ன பிறகு நெஞ்சு இலேசாகி, அடுத்த சொற்கள் தாமாகவே வந்தன.

“மழை அல்லாஹ்ட கையில. குளம் நம்மட கண்ணுக்கு முன்னால கிடக்கு. அதப் பத்தி எனக்குத் தெரியும், சொல்லுறன். முழு வயலையும் விதைச்சா இந்தத் தண்ணி வேளாண்மை குடலை தள்ளுற வரைக்கும் காணும். கதிர் வெளிய வாற நேரம் குளத்துல தண்ணி இரிக்காது. அதுக்குப் பிறகு எல்லாரும் வானத்தப் பாக்க வேண்டியதுதான். அரைவாசி விதைச்சா, ஒரு சொட்டு மழை விழாட்டியும் வெட்டி எடுக்கலாம்.”

“அரைவாசி விதைச்சுப்போட்டு மழை பெய்ஞ்சா?” என்றார் ஹாஜியார்.

“பெய்ஞ்சா நான் திரும்பவும் குடை மிஸ். உங்களுக்கு அரைவாசி விளைச்சல் நட்டம். முழுசா விதைச்சு மழை பெய்யாட்டி எல்லாருக்கும் முழு விளைச்சலும் நட்டம். எந்தப் பக்கமும் நான் பிழை விடலாம். எந்தப் பிழைய உங்களால தாங்க ஏலும் எண்டு நீங்கதான் சொல்லணும்.”

இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மழை வருமா என்பது எங்களால் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. நாங்கள் பிழை விட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். விவசாயிகள் நட்டத்தை எடைபோடத் தெரியாதவர்கள் இல்லை. நாங்கள் எடைபோடக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆள் ஆளுக்குத் தலையைத் திருப்பிக் கதைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹாஜியார் கையைத் தூக்கினார்.

“சரி. நான் விட்டா, என்ட காணியில ஆரு இறங்குவாங்க?”

அதற்கான பெயர்ப் பட்டியலை நான் தயாரித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை. நான் கையில் இருந்த தாள்களைப் புரட்ட, பெண்கள் பக்கம் இருந்து புவனேஸ்வரி எழுந்தாள்.

“நான் எண்டு வைங்களன் ஹாஜியார்.”

இருநூறு தலையும் அவள் பக்கம் திரும்பியது.

“வரம்ப வெட்டி நாசமாக்கமாட்டீங்கதானே தங்கச்சி?”

“உங்கட வரம்ப நான் பாத்தன் ஹாஜியார். நண்டு துளைச்சு அரிதட்டு மாதிரிக் கிடக்கு. வெட்டுறதுக்கு அதுல என்ன இரிக்கு? நான் கட்டித்தான் தரவேணும்.”

இந்த முறை சிரிப்பு குடைக்குச் சிரித்ததைவிடப் பலமாக இருந்தது. ஹாஜியாரும் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப எழுதுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மேல்கண்டத்தின் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். மேலதிகாரி என் காதில், “நீங்க தெரியாதெண்டு சொன்னதும் எனக்கு உசிர் போயிட்டு மிஸ்” என்றார்.

விதைப்பு முடிந்தது. புவனேஸ்வரி ஹாஜியாரின் பக்கத்துப் பாத்தியில் இறங்கினாள். நிலம் பிரித்துக் கொடுத்ததில் தாமதமாகி, அவளுடைய விதைப்பு ஒரு கிழமை பிந்தியது. முதல் இரண்டு நாள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று வேலை செய்ததாக வட்டைவிதானை சொன்னார். தண்ணீரைப் பாத்தி பாத்தியாகப் பகிர்ந்து விடும் அவருக்கு வயலில் நடக்கும் எதுவும் தப்பாது. மூன்றாம் நாள் ஹாஜியார் தன் தேநீர்ப் போத்தலில் இருந்து அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தாராம். “உப்பாத்தான் இரிக்கும் தங்கச்சி” என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மழை பெய்தது.

பின்நேரம் நான்கு மணி இருக்கும். மேற்கில் கறுத்து, இடி முழங்கி, முக்கால் மணி நேரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் அலுவலக யன்னலில் நின்று பார்த்தேன். ஊரே மழையைக் கண்டு ஆடிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் அதைக் கண்டு நடுங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தது. ஹாஜியார்.

“மிஸ், குடை இரிக்கா? இல்லாட்டி அனுப்பவா?”

“இரிக்கி ஹாஜியார்” என்றேன். சிரிக்க முயன்றேன், முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் இருந்து தொலைபேசி ஓயவில்லை. கீழ்க்கண்டத்தவர்களுக்கு ஒரே கேள்வி. நிலம் நனைந்துவிட்டது, எங்கள் காணியிலும் விதைத்துவிடவா? மேலதிகாரியும் கூப்பிட்டார். “மழை தொடங்கிட்டு எண்டு ஆக்கள் சொல்லுறாங்க மிஸ். விதைக்கலாம் எண்டு ஒரு செய்தி போட்டுவிடுங்க. இல்லாட்டி எங்களத்தான் ஏசுவாங்க.”

நான் செய்தி போடவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்டத்துக்குப் போனேன். புவனேஸ்வரி தன் மூன்று ஏக்கரின் கரையில் நின்றாள். பக்கத்தில் விதைநெல் மூடை. மழை பட்ட மண் கறுப்பாக, மணத்துக்கொண்டு கிடந்தது. நானே விதைத்துவிடலாம் போல இருந்தது.

“என்ட சொந்தக் காணி மிஸ்” என்றாள். “பாருங்க, எப்பிடி நனைஞ்சு கிடக்கு. சொல்லுங்க, போடவா?”

“நான் சொல்லல்ல. நீங்களே ஒருக்கா வெட்டிப் பாருங்க.”

அவள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். மேலே நாலு விரல் ஆழத்துக்கு ஈரம். அதற்குக் கீழே மாவு போலப் புழுதி. இன்னொரு இடத்தில் வெட்டினாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதாக ஒரு பள்ளமான இடத்தைத் தேடிப் போய் வெட்டினாள். அங்கே ஐந்து விரல். அவள் குனிந்து அந்தப் புழுதியைக் கையில் எடுத்து, ஊதிவிட்டாள். அது பறந்து போனது.

“முளைக்கும். முளைச்சுப்போட்டு எங்களப் பாக்கும்” என்றாள்.

அதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளே மூடையைத் தூக்கித் தன் மோட்டார் சைக்கிளில் கட்டினாள். முகம் வாடித்தான் இருந்தது. வெட்டிய குழியைப் படம் எடுத்து, விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குரல் செய்தியும் அனுப்பினேன். “இது நேத்தைய மழை. நாலு விரல். உங்கட காணியிலயும் வெட்டிப் பாருங்க. முழங்கை ஆழத்துக்கு ஈரம் இருந்தா எனக்குச் சொல்லுங்க, நான் வந்து பாக்கன்.” அன்று மாலைக்குள் பல குழிகளின் படங்கள் வந்து குவிந்தன. ஒருவர் தன் குழியில் கோழி குளிப்பதைக்கூடப் படம் எடுத்து அனுப்பினார். முழங்கை ஆழம் என்று யாரும் சொல்லவில்லை. நாலைந்து பேர் மட்டும் பொறுக்க முடியாமல் விதைத்தார்கள்.

அந்த ஒரு மழையோடு வானம் மூடிக்கொண்டது. கச்சான் காற்று இரவு பகல் பார்க்காமல் வீசியது. அந்த நாலைந்து பேரின் பயிர் ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளாகி, மாட்டுக்குப் போனது. அவர்களைப் பார்க்க நான் போனேன். “நீங்கதான் சொன்னீங்களே மிஸ்” என்று அவர்களே எனக்கு ஆறுதல் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. பள்ளிவாசலில் மழைத் தொழுகைக்கு அறிவித்தார்கள், கோயிலில் பூசை வைத்தார்கள். ஹாஜியார் மட்டும் எனக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். “மிஸ், நீங்க மட்டும் மழை வராது எண்டு ஒருக்கா உரத்துச் சொல்லுங்க. உங்கட வாய்க்கு எதிராத்தான் நடக்கும்.” சொல்லிப் பார்த்தேன். அந்த முறை வாய் பலித்துவிட்டது.

கடைசித் தண்ணீர் திறக்கும் நாள் வந்தபோது குளம் சேறு கலங்கிக் கிடந்தது. ஒரே ஒரு முறைதான் விடமுடியும், அதுவும் எல்லாப் பாத்திகளுக்கும் முழுதாகக் காணாது. வாய்க்காலின் ஓரத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். யாருடைய பாத்திக்கு முதலில் விடுவது என்று வட்டைவிதானை என் முகத்தைப் பார்த்தார். வழக்கப்படி வாய்க்கால் முதலில் தொடுவது ஹாஜியாரின் பாத்தியைத்தான். நான் கைப்பையில் இருந்து தாளை எடுத்து விரிக்க, ஹாஜியார் தன் வயலில் இறங்கி ஒரு கதிரை ஒடித்து, நெல்லைப் பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு புவனேஸ்வரியின் பாத்தியில் ஒன்றை ஒடித்துக் கடித்தார்.

“என்டது முத்திட்டு. இனித் தண்ணி இல்லாட்டியும் பரவால்ல. தங்கச்சிடது இன்னும் பால். அங்க விடுங்க” என்றார் வட்டைவிதானையிடம்.

“உங்கட தென்னம்புள்ளப் பக்கம் கொஞ்சம் பச்சையாத்தானே கிடக்கு ஹாஜியார்” என்றாள் புவனேஸ்வரி.

“அது கிடக்கட்டும். அது என்ட சோம்பல்ல பிந்தினது. உன்டது நாங்க நிலம் தரப் பிந்தினதால பிந்தினது.”

தண்ணீர் அவளுடைய வரம்பில் வெட்டிவிட்ட வக்கடை வழியாகச் சலசலவென்று இறங்கியது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த முறைப் பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். ஆட்கள் தாமே சரியாக முடிவெடுக்கும்போது உத்தியோகத்தர் செய்யக்கூடிய பெரிய வேலை, குறுக்கே போகாமல் இருப்பது.

அறுவடை நடந்தது. மேல்கண்டத்தில் ஒரு பாத்திகூடக் காயவில்லை. எங்களைச் சுற்றி, முழு வயலையும் விதைத்த வேறு இடங்களில் கதிர் வராமலே மாடு மேய்ந்த வயல்களும் இருந்தன. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. ஆனால் எங்கள் வயலில் வெட்டு மெஷின் ஓடிய அன்று நான் சந்தோஷப்பட்டேன். ஹாஜியாரும் புவனேஸ்வரியும் யாருடைய பாத்தியில் விளைச்சல் கூட என்று வரம்பில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். நான் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு தப்பிவிட்டேன்.

அடுத்த மாரி தாராளமாகப் பெய்தது. குளம் நிரம்பியது. காணிகள் அவரவரிடம் திரும்பிப் போயின. அதற்குப் பிறகும் சில வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசிக் கூட்டத்தில், எனது இடத்துக்கு வந்திருந்த புதிய போதனாசிரியரைப் பேசவிட்டு, நான் பின்வரிசையில் விவசாயிகளோடு உட்கார்ந்துகொண்டேன். கெட்டிக்காரர். குரலும் நல்ல குரல். தாளை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“இந்த முறை மழை வழமை போலப் பெய்யும். எல்லாரும் பயப்படாம விதைக்கலாம்” என்றார்.

எனக்கு முன் வரிசையில் இருந்த ஆதம்பாவா ஹாஜியார் எழுந்தார். வயது ஏறிவிட்டது, ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை.

“தம்பி, ஒரு சந்தேகம். ‘பெய்யும்’ எண்டு அந்தத் தாள்ல எழுதியிரிக்கா? ‘பெய்யக்கூடும்’ எண்டு எழுதியிரிக்கா? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.”

புதியவர் தாளை எடுத்துப் பார்த்தார். மண்டபமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“‘கூடும்’ எண்டுதான் இரிக்கி ஹாஜியார்.”

“ஆ, அப்பிடிச் சொல்லுங்க. அப்ப, பெய்யாட்டி நாங்க என்ன செய்யிற எண்டதையும் சொல்லிப்போட்டு இருங்க. நாங்க ஒருத்தரும் எங்கயும் போகல்ல.”